இறங்காத திரை

செண்பகத்துறை என்று ஓர் ஊர். ஆற்றங்கரையில் கோட்டை, கோட்டைக்குள் அரசன் விசயகண்டன். நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் காதில் ஓதினார்களோ அவர்கள் பேச்சைக் கேட்டுவிடுவான். அதுதான் பயம்.

அந்த வருஷம் ஓதியவர் தளபதி வீரமல்லர். அயலார் சட்டம் பிறந்தது. பார்த்தால் அயலான் போல இருப்பவனைக் கோட்டை வாசலில் நிறுத்த வேண்டும். பாட்டன் எந்த ஊர் என்று கேட்க வேண்டும். அக்கரை என்றால் அடைத்து வைத்து, பரிசலில் ஏற்றி அக்கரையில் விட்டுவிட வேண்டும்.

"பார்த்தால் எப்படித் தெரியும்?" என்று அரசன் கேட்டான்.

"எனக்குத் தெரியும்," என்றார் தளபதி. பேச்சு முடிந்தது.

முதலில் மாட்டியவர் கூத்துக்கு மத்தளம் அடிக்கும் பொன்னையா. பூனைக்கண், சுருட்டை முடி. பிறந்தது, வளர்ந்தது, பெண்டாட்டியோடு சண்டை போட்டது எல்லாம் செண்பகத்துறையில்தான். பாட்டன் மட்டும் அக்கரை. திருவிழா முடிந்த மறுநாள் விடியலில் அவருக்குப் பரிசல் என்று முடிவானது. அவர் மனைவி கைக்குழந்தையோடு சிறைவாசலிலேயே கிடந்தாள். ஒரு வாய் சோறாவது இறங்கியதோ என்னவோ.

திருவிழாக் கூத்து தொடங்கியது. கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேஷம் கட்டியவர் நேராக மேடைக்கு வந்துவிட முடியாது. இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நிற்க வேண்டும். கட்டியக்காரன், "யார் நீ? எந்த ஊர்?" என்று கேட்பான். அவர் பாடிப் பதில் சொன்ன பிறகுதான் திரை இறங்கும்.

அன்றைக்குத் திரை இறங்கவே இல்லை. கேள்வி வந்தது, பதில் வரவில்லை. ஊரே உட்கார்ந்து துணியைப் பார்த்தது.

"என்ன இது?" என்றான் அரசன்.

கூத்து வாத்தியார் எல்லப்பர் முன்னால் வந்து கும்பிட்டார். "ஊர் பேர் சொல்லப் பயமா இருக்கு மகாராசா. பொன்னையா சொன்னான், உள்ளே போயிட்டான். அவன் வர்ற வரைக்கும் திரை இறங்காது."

அரசனுக்கு முகம் சிவந்தது. அடைப்பைக்காரி கனகவல்லியைத் திரும்பிப் பார்த்தான். வெற்றிலை மடித்துக் கொடுப்பது அவள் வேலை. வழி சொல்வது கூடுதல் வேலை, அதற்குச் சம்பளம் கிடையாது.

"நாளைக்குத் திரை இறங்க வேண்டும். சட்டத்திலும் ஓர் எழுத்து மாறக்கூடாது. இல்லாவிட்டால் கூத்தாடிகள் அத்தனை பேருக்கும் பரிசல்."

"ஆகட்டும் மகாராசா. ஆனால் ராசா வேஷம் கட்ட ஆட்கள் பயப்படுகிறார்கள். நீங்களே கட்டினால் என்ன? அந்த மீசை உங்களுக்கு எடுப்பாக இருக்கும்."

அரசனுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த ஆசை. "யாருக்கும் சொல்லாதே," என்றான்.

"சொல்லவே மாட்டேன். ஒன்றுதான், கூத்து மேடையில் பொய் மட்டும் சொல்லக்கூடாது. சாமி குத்தம்."

அடுத்து அவள் தளபதியிடம் போனாள். "கூத்துக்குள் ஒருவர் இருக்கிறார், அண்ணா. பாட்டன் அக்கரை. நாளைக்கு ராசா வேஷத்தில் நிற்பார். கட்டியக்காரனாக நீங்களே போய்க் கேட்டுவிடுங்களேன்."

"அதைத்தானே தினமும் வாசலில் கேட்கிறேன்," என்றார் வீரமல்லர்.

மறுநாள் அரசனுக்குத் தலைவலி என்று ஆசனம் காலியாக இருந்தது. திரைக்கு மேலே கிரீடம் மட்டும் தெரிந்தது.

"யார் நீ?" என்று தளபதி அதட்டினார்.

"ராசா," என்று உச்சக் குரலில் பாடினான் அரசன்.

"வேஷம் கட்டினவன் எல்லாம் அப்படித்தான் சொல்வான். பாட்டன் எந்த ஊர்?"

அரசனுக்குச் சாமி குத்தம் நினைவுக்கு வந்தது. பிறகு பாட்டு மெதுவாக வந்தது. "பாட்டன் அக்கரை. வெள்ளத்தில் பரிசலேறி வந்தார்."

"யாரைக் கேட்டு வந்தார்?"

"அப்போது இங்கே கேட்பதற்கு யாரும் இல்லை."

"பாட்டி?"

"மலைக்கு அந்தப் பக்கம்."

"இறக்குடா திரையை."

திரை இறங்கியது. செக்கச் செவேலென்று அரிதாரம், காது வரை மீசை. தளபதி ஏற இறங்கப் பார்த்தார். "பார்த்தாலே தெரியவில்லையா? இது நம்ம ஊர் மூக்கே இல்லை. கட்டுங்கடா."

"நான்தானய்யா அரசன்!"

"அதைச் சிறையில் போய்ச் சொல்லு."

சொன்னான். சிறையில் கேட்க ஒரே ஒருவர்தான் இருந்தார். பொன்னையா நகர்ந்து இடம் விட்டார். "ராசா வேஷமா? உட்காருங்க. மூட்டைப்பூச்சி அந்தப் பக்கம் ஜாஸ்தி. பரிசலில் நடுவில் உட்கார்ந்தால் தலைசுற்றல் இருக்காதுன்னு சொல்றாங்க. அக்கரையில் உங்களுக்குச் சொந்தம் யாராவது உண்டா?"

"ஒருத்தரையும் தெரியாது," என்றான் அரசன்.

"எனக்கும்தான்."

கனகவல்லி வெற்றிலைத் தட்டோடு வந்தாள். "திரை இறங்கிவிட்டது மகாராசா. சட்டமும் மாறவில்லை. வெற்றிலையைப் பரிசலில் வைக்கச் சொல்லட்டுமா?"

"தளபதி எங்கே?"

"வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பெருமை பேசினார். 'உன் பாட்டனும் அதே பரிசலில்தானேடா வந்தார்' என்றாராம் அந்த அம்மா. சட்டத்தை மீறாத மனிதர். பக்கத்து அறையில் இருக்கிறார்."

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

"சாவி?"

"அவர் மடியில்தான்."

அரசனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அரிதாரம் வழிய வழியச் சிரித்தான். "சட்டம் ரத்து. சாவியை நீட்டும் ஐயா. கனகவல்லி, உனக்கு என்ன வேண்டும்?"

"கூத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தோமே," என்றாள்.

திரை மறுபடி உயர்ந்தது. மத்தளம் பொன்னையா மடிக்கு வந்தது. தளபதி மேடைப் பக்கமே வராததால் கேள்வி கேட்கும் வேலையும் பொன்னையாவுக்கே வந்தது.

"யார் நீ?"

"ராசா."

"எந்த ஊர்?"

"செண்பகத்துறை."

பொன்னையா மத்தளத்தில் ஒரு தட்டுத் தட்டினார். "பாட்டன் எந்த ஊர்?"

திரைக்கு மேலே கிரீடம் குலுங்கியது. "அதை மட்டும் கேட்காதே அப்பா. அந்த மூட்டைப்பூச்சியோடு இன்னொரு தடவை என்னால் ஆகாது."