ஒத்துக்காரருக்கு எழுந்து நின்றவர்கள்

கதை முடிந்ததும் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். தலையை ஆட்டிவிட்டு நழுவ முடியாது. ஆகவே காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

அஷ்வத் என்று ஓர் ஆவணப்படக்காரர். உலகத்து இசைக் கலைஞர்களையெல்லாம் படம் பிடித்து மனித குலத்துக்கு வழங்கியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டவர். ஒரு நாட்டுக்கு எட்டு நாள் என்று ஒதுக்கி, ஐந்து நாடுகளை முடித்திருந்தார். ஐந்து படத்திலும் ஒரு கிழவர் வருவார், கண்ணை மூடுவார், பின்னால் சூரியன் இறங்கும். இசையைப் பற்றி உமக்கு என்ன தெரியும் என்று அவரை யாரும் கேட்டதில்லை. கையில் காமிரா இருப்பவரிடம் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை போலும்.

ஆறாவது படத்துக்காகக் கீழைப்பாலூர் கோயில் திருவிழாவுக்கு வந்து இறங்கினார். அங்கே நாயனம் வாசிப்பவர் கோவிந்தவேலு. ஐம்பது வயது, தொப்பை, வெற்றிலைக் காவி ஏறிய பல். வாசித்துக்கொண்டே கூட்டத்தில் தெரிந்தவர்களைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார். ஆனால் தோடி ராகத்தை எடுத்தாரென்றால் சுண்டல் வாங்க வரிசையில் நிற்பவர்கள்கூட வரிசையை விட்டு வந்துவிடுவார்கள். அவர் பக்கத்தில் நாகலிங்கம், எழுபது வயது, வெள்ளை மீசை. கோவிந்தவேலுவுக்கு மாமன் முறை. இவர் ஒத்துக்காரர்.

ஒத்து, பார்வைக்கு நாயனம் மாதிரியே நீளமாக இருக்கும். ஆனால் ஒரே ஒரு சுரம்தான் பேசும். நாயனத்துக்குச் சுருதி கொடுப்பதுதான் அதன் வேலை. நாயனம் தொடங்குமுன் ஒத்து தொடங்கிவிட வேண்டும். நாயனம் முடிந்த பிறகுதான் ஒத்துக்காரர் வாயை எடுக்கலாம். இது அவர்களுக்குள் யாரும் மீறாத முறை. விரலுக்கு வேலை இல்லாததால் நாகலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நிற்பார்.

அஷ்வத் யாரைப் படம் பிடித்தார் என்று சொல்லவும் வேண்டுமா?

நாகலிங்கம் முதல் நாளே சொல்லிவிட்டார். “தம்பி, நான் ஒத்து ஊதுறவன். வாசிக்கிறது நம்ம மாப்ள.”

அஷ்வத்துக்குக் கண் கலங்கிவிட்டது. காமிராக்காரரிடம், “என்ன ஒரு தன்னடக்கம்! இதையும் எடுத்துக்கோ” என்றார்.

எட்டு நாளும் கோவிந்தவேலுவைக் காமிராவுக்குப் படாமல் தள்ளி நிற்கச் சொன்னார்கள். ரொம்பவும் தள்ளிப் போனால் சத்தம் குறைகிறது என்று, ஏன் குறைகிறது என்று யோசிக்காமலே, மறுபடி கிட்டே கூப்பிட்டார்கள். கிறுக்குப் பயல்கள் என்று அவரும் சிரித்துக்கொண்டே வாசித்தார். படம் வெளிவந்தபோது முகம் நாகலிங்கத்துடையது, தோடி கோவிந்தவேலுவுடையது, திரையில் எழுத்தில் வந்த பெயர் நாகலிங்கம் மட்டும். கோவிந்தவேலுவின் சிரிப்பு அன்றோடு போயிற்று. ஐம்பது வருஷத்தில் அவர் சம்பாதித்தது அந்தத் தோடி ஒன்றுதான்.

அயல்நாட்டுப் படவிழா ஒன்றில் படத்துக்கு முதல் பரிசு. ‘அசையாத அந்த விரல்களில் ஒரு கடலே அடங்கியிருக்கிறது’ என்று நடுவர்கள் எழுதினார்கள். அசையாத விரலிலிருந்து பாட்டு எப்படி வந்தது என்று ஒரு நடுவருக்கும் தோன்றவில்லை. படித்தவர்கள் அல்லவா! அதோடு, அந்தக் கலைஞர் நேரில் வந்து ஒரு மணி நேரம் வாசிக்க வேண்டும் என்று அழைப்பும் அனுப்பினார்கள்.

ஒத்திகை பார்க்க ஊருக்கு வந்து, நாகலிங்கத்தைத் தனியே ஊதச் சொல்லி, ஒரே சுரம் மட்டும் வந்தபோதுதான் அஷ்வத்துக்கு உண்மை உறைத்தது. தலையில் கை வைத்து உட்கார்ந்தார், அரை நிமிஷம். பிறகு யோசனை பிறந்துவிட்டது. நாகலிங்கம் மேடையில் உட்காரட்டும். கோவிந்தவேலு திரைக்குப் பின்னாலிருந்து வாசிக்கட்டும்.

“சார், யாரு முகம்ங்கறதா முக்கியம்? உங்க இசை உலகத்துக்குப் போய்ச் சேரணும், அவ்வளவுதானே?” என்றார் கோவிந்தவேலுவிடம்.

நாகலிங்கம், “மாப்ள வந்தா வர்றேன். எனக்குத் தெரிஞ்சது ஒத்து. அதத்தான் ஊதுவேன்” என்றார். கோவிந்தவேலு மறுபேச்சில்லாமல் சரி என்றார். அவர் மனசில் ஒரு கணக்கு இருந்தது.

அங்கே பெரிய அரங்கம், நிறைந்த கூட்டம். நாகலிங்கம் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒத்தைத் தொடங்கினார். திரைக்குப் பின்னால் கோவிந்தவேலு நாயனத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார். பாட்டு எங்கே என்று சபை கேட்கும், திரையை விலக்கியாக வேண்டும், அப்போது தன் தோடிக்குத் தன் பெயர் வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

சபை கேட்கவில்லை. பத்து நிமிஷம் போயிற்று, கண்ணை மூடிக்கொண்டார்கள். அரை மணி போயிற்று. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நாகலிங்கத்தின் கழுத்து நரம்பு புடைத்து, மீசையிலிருந்து வியர்வை சொட்டியது. ஒரு மணி நேரம் ஒரே சுரம். இதற்குமேல் கிழவர் தாங்கமாட்டார் என்று கண்ட கோவிந்தவேலு திரையை விலக்கிக்கொண்டு வந்து அவர் தோளைத் தொட்டார். ஒத்து நின்றது. மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது.

அஷ்வத் ஒலிவாங்கியைப் பிடித்தார். “இந்த மரபின் உச்சம் இது. இவர் ஐயாவின் சீடர்” என்று கோவிந்தவேலுவைக் காட்டினார். அவருக்கும் கொஞ்சம் கைதட்டல் கிடைத்தது.

“ஏன் மாமா நிறுத்தாம ஊதுனீங்க? மூச்சு போயிருந்தா?” மேடையை விட்டு இறங்கியதும் கோவிந்தவேலு கேட்டார்.

“நீ இன்னும் வாசிக்கவே ஆரம்பிக்கலியே மாப்ள. நான் எப்படி நிறுத்துவேன்?” என்றார் நாகலிங்கம்.

இசையை உலகுக்குக் கொண்டுசேர்க்கிறேன் என்று பொய்யை நடத்திவைத்தவர் ஒருவர். தன் பெயருக்காக வாசிக்காமல் இருந்தவர் ஒருவர். முறை தவறாமல் ஊதிக்கொண்டே இருந்தவர் ஒருவர். சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: அஷ்வத்தைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். கோவிந்தவேலு செய்தது சரி என்றுதான் பலரும் சொல்வீர்கள். அவர் இழந்தது பெரிது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பொய்யை உடைக்க நினைத்தவர் திரைக்கு முன்னால் வந்து வாசித்திருக்க வேண்டும்; ஒரு கிழவரின் மூச்சைப் பணயம் வைத்துச் சபையைச் சோதித்தது சரியில்லை. நாகலிங்கம் முதல் நாளே உண்மையைச் சொன்னார், யாரும் கேட்கவில்லை. மேடையிலும் தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகக் காட்டவில்லை. தன் வேலையைத்தான் செய்தார். அவர் செய்ததே சரி. ஆக, அந்தக் கூட்டம் சரியான ஆளுக்குத்தான் எழுந்து நின்றிருக்கிறது. எதற்கென்று அதில் ஒருவருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.