தலையை இழுக்காத ஆமைக்குட்டி

நாவல் குளத்தங்கரையில் மெல்லம்மா என்ற ஆமை வசித்து வந்தாள். அவளுக்கு ஒரே பிள்ளை. பெயர் சொப்பு. முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்து ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. கவிழ்த்து வைத்த விளையாட்டுச் சொப்பு மாதிரியே இருப்பான்.

சொப்புவிடம் ஒரு கெட்ட பழக்கம். மண்ணைக் கண்டால் வாயில் போட்டுக்கொள்வான். வயிற்றில் பூச்சி வராமல் இருக்குமா? அதனால் எட்டு நாளைக்கு ஒருமுறை மெல்லம்மா வேப்பங்கொழுந்தைக் கல்லில் வைத்துக் காலால் நசுக்குவாள். அதன் பேரைக் கேட்டாலோ வாசனை வந்தாலோ போதும், ‘சடக்’கென்று சொப்புவின் தலை ஓட்டுக்குள் போய்விடும். அப்புறம் காட்டு யானையே வந்து கெஞ்சினாலும் வெளியே வராது.

ஒருநாள் காலையில் பக்கத்துப் புதர் முள்ளெலி செண்பகம் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

“அக்கா! விஷயம் தெரியுமா? மயில்மலைப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களைச் சேர்க்கிறாங்களாம்! மொத்தமே ஏழு இடம்தானாம்!”

“சேர்க்கட்டும். சொப்புவுக்கு இன்னும் பல்லே முளைக்கலையே!”

“ஆமைக்கு எந்தக் காலத்துல பல் முளைச்சுது? இப்படியே பேசிக்கிட்டிரு! அங்கே படிச்ச கீரிப்பிள்ளை இப்போ எங்கே இருக்கு தெரியுமா? ஆத்துக்கு அக்கரையிலே! நம்ம பிள்ளைங்க மட்டும் இந்தச் சேத்துலேயே கிடக்கணுமா?”

மெல்லம்மா செண்பகத்தின் பக்கம் நகர்ந்து வந்தாள்.

“பரீட்சை வைப்பாங்களா?”

“பின்னே? அதுக்குப் பாடம் சொல்லித்தர்ற ஓணான் வாத்தியார்கிட்ட போ. என் பிள்ளையைப் போன வாரமே சேர்த்தாச்சு. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். மனசு கேக்கலை!”

ஓணான் வாத்தியார் வேலமரத்துக் கிளையில் உட்கார்ந்திருந்தார். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவார்.

“என் பிள்ளைக்கு இடம் கிடைக்குமா வாத்தியாரே?” என்று கேட்டாள் மெல்லம்மா. ஆட்டினார்.

“ரொம்பச் சின்னப் பிள்ளையாச்சே! தாங்குவானா?” அதற்கும் ஆட்டினார்.

“இல்லே, அடுத்த மழைக்குச் சேர்த்துக்கலாமா?” அதற்கு மட்டும் ஆட்டவில்லை!

“இதைக் கேளும்மா!” என்றார் ஓணான். “பள்ளிக்கூடத்தை நடத்துற மயிலம்மா கழுத்து எவ்வளவு நீளம்! தலையை நிமிர்த்தி, கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ற பிள்ளைக்குத்தான் அங்கே இடம். உள்ளே இழுத்தா, ஒரு இழுப்புக்கு ஒரு மார்க் போச்சு!”

“நீங்க அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்த்திருக்கீங்களா?”

ஓணான் தொண்டையைச் செருமினார். “பார்க்கணுமா என்ன? எல்லாம் அனுபவம்!”

உண்மையில் ஓணான் மயில்மலைப் பக்கம் ஒருநாளும் தலை வைத்துப் படுத்ததில்லை. எப்படிப் போவார்? மயிலின் கண்ணில் பட்ட ஓணான் எதுவும் வீடு திரும்பியதில்லை. இது மெல்லம்மாவுக்கு அப்போது தோன்றவில்லை. பிள்ளைப் பாசம் கண்ணை மறைக்கும் என்பார்கள். பள்ளிக்கூட ஆசை மூளையையும் சேர்த்து மறைத்துவிடும்.

மறுநாளே பாடம் தொடங்கியது. செண்பகத்தின் பிள்ளை குண்டுமணியும் சொப்புவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

ஓணான் ஒரு சுள்ளியை எறிந்தார். டப்! குண்டுமணி பந்தாக உருண்டுகொண்டான். சொப்புவின் தலை உள்ளே போனது.

“ஆளுக்கொரு மார்க் போச்சு!”

வேலங்காயை எறிந்தார். மறுபடியும் போச்சு. கல்லை உருட்டினார். மறுபடியும் போச்சு.

“அம்மா, தலை தானா உள்ளே போகுதும்மா!” என்று சிணுங்கினான் சொப்பு.

“தானா எல்லாம் போகக்கூடாது கண்ணு! இழுத்தா மார்க் போயிடும்! கீரிப்பிள்ளை அக்கரையில இருக்கு, நினைச்சுக்கோ!”

பத்து நாள் ஆனது. இருபது நாள் ஆனது. குண்டுமணி உருளுவதை மறந்தான். சொப்பு தலையை இழுப்பதை மறந்தான். பக்கத்தில் பனங்காய் ‘பொத்’தென்று விழுந்தாலும் கழுத்தை நீட்டிக்கொண்டு, “வணக்கம்! என் பெயர் சொப்பு. எனக்குப் பிடித்த பழம் நாவற்பழம். எனக்குப் பிடித்த நிறம் நீலம்!” என்று ஒப்பித்தான்.

வேப்பங்கொழுந்துக்கு மட்டும் தலை பழையபடி உள்ளே ஓடியது. “அது போகட்டும். பரீட்சையில வேப்பங்கொழுந்தா கொடுக்கப் போறாங்க?” என்றார் ஓணான்.

கடைசி நாளில் பெரிய சோதனை ஒன்று வைத்தார். மெல்லம்மாவை ஒரு புதருக்குப் பின்னால் நிறுத்தி, “கத்தும்மா!” என்றார்.

“ஐயோ சொப்பு! நரி வருது! தலையை இழுடா!” என்று கத்தினாள் மெல்லம்மா.

சொப்பு அசையவே இல்லை. “எனக்குப் பிடித்த நிறம் நீலம்!” என்றான்.

“சபாஷ்! பெத்த தாய் கத்தியும் அசையலை! இடம் உறுதி!” ஓணானின் தலை ஆடிய ஆட்டத்தில் கிளையே ஆடியது. மெல்லம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆனால் அன்று மத்தியானம் சொப்பு தூங்கும்போது எட்டிப் பார்த்தாள். பிள்ளை கழுத்தை வெளியே நீட்டியபடியே தூங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் கட்டெறும்பு கடித்துத் தடித்திருந்தது. மெல்லம்மாவுக்குச் சுருக்கென்றது. ‘ஆண்டவனே, நான் செய்றது சரிதானா?’ என்று நினைத்தாள். பதில் வருவதற்குள் செண்பகம் வந்துவிட்டாள்.

“அக்கா! குண்டுமணி பன்னிரண்டு பழத்துப் பேரு சொல்றான்! சொப்பு எத்தனை சொல்றான்?”

அவ்வளவுதான். மெல்லம்மா பிள்ளையை எழுப்பிப் பதின்மூன்று பழம் சொல்ல வைத்தாள்.

பரீட்சை நாள் வந்தது. செண்பகம் விடிந்ததும் குண்டுமணியை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். ஆமைகளின் வேகம் நமக்குத் தெரிந்ததுதானே! அம்மாவும் பிள்ளையும் மலையடிவாரம் போவதற்குள் வெயில் ஏறிவிட்டது. வழியில் ஓர் ஆலமர வேர் குறுக்கே கிடந்தது. சொப்பு குட்டிதானே, வேரடியில் இருந்த சந்தில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டான். மெல்லம்மாவின் ஓடு சந்தில் சிக்கிக்கொண்டது.

“நீ முன்னால போய் நில்லு கண்ணு! நான் வந்துடறேன்!”

அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது நரி.

பளபளவென்று தேய்த்த ஓட்டோடு ஓர் ஆமைக்குட்டி, கழுத்தை முழுசாக நீட்டிக்கொண்டு, தானாக நடந்து வருகிறது! நரி தன் கண்ணையே நம்பவில்லை.

“வணக்கம்! என் பெயர் சொப்பு!”

நரிக்கு நாக்கில் தண்ணீர் ஊறியது. “வணக்கம் தம்பி! எங்கே இந்தப் பக்கம்?”

“பரீட்சைக்கு! நீங்கதான் பரீட்சை வைக்கிறவரா?”

“நானேதான்!” என்றது நரி. “ஆனா குரல் சரியாக் கேக்கலையே! கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டு, ராஜா!”

சொப்பு நீட்டினான். “எனக்குப் பிடித்த பழம் நாவற்பழம்!”

“ஆகா! இன்னும் கொஞ்சம்!”

வேர்ச் சந்து வழியாக மெல்லம்மா இதைப் பார்த்தாள். அவளுக்கு உயிரே போய்விட்டது.

“சொப்பு! அது நரிடா! தலையை இழு!”

சொப்பு திரும்பிப் பார்த்துச் சிரித்தான். “போம்மா! அன்னிக்கும் இப்படித்தான் கத்தினே! நான் ஏமாற மாட்டேன்!”

“நிஜ நரிடா கண்ணு! இழுடா!”

“இழுத்தா மார்க் போயிடும்னு நீதானேம்மா சொன்னே!”

நரி வாயைத் திறந்தது. சொப்புவின் கழுத்துக்கும் நரியின் பல்லுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளிதான் இருந்தது. ‘ஆண்டவனே, நான் அடைத்த வழியை நீ திறந்துவிடு!’ என்று மெல்லம்மா கண்ணை மூடினாள். அடுத்த நொடியே அவள் தொண்டையிலிருந்து கத்தல் கிளம்பியது.

“வேப்பங்கொழுந்து அரைச்சாச்சு! வாயைத் திற!”

சடக்!

தலை, கால், வால் எல்லாம் உள்ளே போய்விட்டன. நரியின் பல் ஓட்டில் ‘கடக்’கென்று மோதியது.

“ஐயோ, என் பல்லு!”

நரி சொப்புவைப் புரட்டியது, உருட்டியது, கடித்தது. ஓட்டில் ஒரு கீறல் விழுந்ததே தவிர வேறொன்றும் ஆகவில்லை.

“தம்பி, பரீட்சை முடிஞ்சுது, உனக்கு முதல் மார்க்! தலையை நீட்டு!” என்று கெஞ்சிப் பார்த்தது.

“மாட்டேன்! கசக்கும்!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நரி தாடையைப் பிடித்துக்கொண்டு புலம்பியபடி போய்விட்டது. மெல்லம்மா திமிறி, வேரைச் சுரண்டி, ஒருவழியாக இந்தப் பக்கம் வந்தாள். பிள்ளையின் ஓட்டில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

வெகுநேரம் கழித்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. “அம்மா, வேப்பங்கொழுந்து போச்சா?”

“போச்சுடா என் ராஜா! போயே போச்சு!”

“அப்போ பரீட்சை?”

மெல்லம்மாவுக்குத் திரும்பி வீட்டுக்குப் போகத்தான் தோன்றியது. ஆனால் அங்கிருந்து மலைதான் கிட்டத்தில் இருந்தது. சரி, மயிலம்மா வாசலில் கொஞ்சம் உட்கார்ந்து பிள்ளையின் பயம் தெளிந்ததும் போகலாம் என்று நடந்தாள்.

அங்கே மயிலம்மா ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பயம் வந்தால் என்ன செய்வாய்?”

“ஓடுவேன்!” என்றது முயல்குட்டி. “உள்ளே வா!” என்றாள்.

“மரம் ஏறுவேன்!” என்றது அணில்குட்டி. “நீயும் வா!” என்றாள்.

அடுத்து நின்றவன் குண்டுமணி. “வணக்கம்! என் பெயர் குண்டுமணி. எனக்குப் பிடித்த பழம்...”

“பழத்தை யார் கேட்டது? பயம் வந்தால் என்ன செய்வாய்?”

“வணக்கம்! என் பெயர் குண்டுமணி...”

மயிலம்மா செண்பகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். “அம்மா, பிள்ளைக்கு முதலில் உருண்டுகொள்ள ஞாபகப்படுத்துங்கள். அடுத்த மழைக்குக் கூட்டி வாருங்கள்.” செண்பகத்தின் முள்ளெல்லாம் வாடிப்போயிற்று.

அப்போதுதான் மயிலம்மா சொப்புவைப் பார்த்தாள். “நீ சொல். பயம் வந்தால் என்ன செய்வாய்?”

சொப்பு யோசித்தான்.

“அம்மா வேப்பங்கொழுந்து அரைக்கிறாங்கன்னு நினைச்சுக்குவேன்!”

மயிலம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மெல்லம்மா வெட்கத்தை விட்டு நடந்ததையெல்லாம் சொன்னாள். மயிலம்மா ஓட்டிலிருந்த கீறலைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் சிறகு குலுங்கச் சிரித்தாள்.

“ஏழாவது இடம் உன் பிள்ளைக்குத்தான்!”

எந்த வார்த்தைக்காக இத்தனை பாடுபட்டாளோ, அந்த வார்த்தை காதில் விழுந்துவிட்டது. மெல்லம்மா பிள்ளையைப் பார்த்தாள். அவன் குனிந்து மலைமண்ணை வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

“அந்த இடத்தை அடுத்த மழை வரைக்கும் எடுத்து வைக்க முடியுமா தாயே? அவன் இன்னும் கொஞ்ச நாள் மண்ணு தின்னட்டும்.”

“ஆமைதானே! மெதுவாகவே வரட்டும்,” என்றாள் மயிலம்மா. “அது சரி, தலையை இழுக்காதே என்று சொல்லிக்கொடுத்த அந்த வாத்தியார் யார்?”

“ஓணான் வாத்தியார், தாயே.”

“ஓணானா?” மயிலம்மா அலகைத் துடைத்துக்கொண்டாள். “நான் அவரை நேரில் பார்க்க வேண்டுமே! கட்டாயம் வரச் சொல்!”

குளத்தங்கரைக்கு அவர்கள் திரும்புவதற்கு முன்பே செய்தி வந்து சேர்ந்துவிட்டது. ஓணான் வேலமரத்தில் நின்றுகொண்டு, எலிகளையும் தவளைகளையும் கூட்டிவைத்துக் கூவிக்கொண்டிருந்தார். “என் மாணவன் சொப்பு! முதல் முறையிலேயே ஏழாவது இடம்! அடுத்த வகுப்புக்கு இப்போதே சேருங்கள்!”

மெல்லம்மா கீழே நின்று பணிவாகச் சொன்னாள். “வாத்தியாரே! மயிலம்மா உங்களை நேரில் பார்க்கணுமாம்! கட்டாயம் வரச் சொன்னாங்க! கழுத்தை நல்லா நீட்டிக்கிட்டுப் போங்க!”

ஓணான் சிவந்தார், பச்சையானார், பழுப்பானார். ஆடிக்கொண்டிருந்த தலை அப்படியே நின்றது. ‘விசுக்’கென்று மரப்பொந்துக்குள் பாய்ந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

சொப்பு துள்ளிக் குதித்தான்.

“அம்மா! வாத்தியார் தலையை இழுத்துட்டார்! ஒரு மார்க் போச்சு!”

ஆண்டவன் பிள்ளையின் முதுகிலேயே வைத்து அனுப்பிய பாடத்தை அழித்துவிட்டு, அதன் மேல் நாம் எழுதும் எந்தப் பாடமும் பிள்ளையைக் காப்பாற்றாது.