தலையில் ஏறிய எல்லைக்கல்

முன்னொரு காலத்தில் பொழுது போகாத ஓர் அரசர் இருந்தார். பொழுது போகாத அரசர் என்ன செய்வார்? இருந்த நாட்டைப் பிரித்தார். ஒன்பது கோட்டங்கள், கோட்டத்துக்கு ஓர் அதிகாரி, எல்லைக்கு எல்லை கல். அமைச்சர் மழவராயரின் அனுமதி இல்லாமல் யாரும் கல்லைத் தாண்டக் கூடாது என்று முரசறைந்தார்கள்.

அரசவை விகடகவி சாத்தனுக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. தலைப்பிரசவத்துக்குப் போன மனைவி நாச்சி தாய்வீட்டில் இருந்தாள். அந்த ஊர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். கல்லை வாய்க்கால் கரையில் நடச் சொன்னவரே மழவராயர்தான். சாத்தன் மேல் அவருக்கு அவ்வளவு பொறாமை. அனுமதி கேட்டுப் போனவனை வாசலோடு அனுப்பிவிட்டார். சாத்தனுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை யார் ஜாடை என்றுகூடத் தெரியாமல் ஏங்கிப்போனான்.

முகவாட்டத்தின் காரணத்தை அரசர் கேட்டார்.

“நாட்டுக்கு ஒன்பது பிரிவு, அரசே. எனக்கு ஒரு பிரிவே தாங்கவில்லை.”

அதையும் விகடம் என்று நினைத்து அரசர் சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் சாத்தன் எல்லைக்கல்லைப் பெயர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். காவலர்கள் வாயைப் பிளந்துகொண்டு பின்னாலேயே போனார்கள். மாமியார் வீட்டில், தொட்டிலுக்கு அந்தப் பக்கம் கல்லை இறக்கிவிட்டு மகளைக் கையில் வாங்கினான். நாச்சி அழுதாள். பிறகு கல்லைப் பார்த்துச் சிரித்தாள்.

மழவராயர் விடுவாரா? சபையில் இழுத்து வந்து நிறுத்தி, சிரச்சேதம் செய்ய வேண்டும் என்றார். கல்லைத் தாண்டினாயா என்று அரசர் கேட்டார்.

“இல்லை, அரசே. கல் என் தலைமேல் இருந்தது. தன் தலையைத் தானே தாண்ட யாரால் முடியும்? தூக்கக் கூடாது என்று முரசறையவில்லையே.”

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். என்ன பரிசு வேண்டும் என்றார். சாத்தன் சிரிக்கவில்லை.

“கல்லின் கனத்தைக் குறைக்க வேண்டும், அரசே. நான் போனபோது ஒரு கிழவி அதை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மகன் அந்தப் பக்கம் இருக்கிறான்.”

அரசர் முரசறைபவனைக் கூப்பிட்டார். கல் இனி நிலத்துக்குத்தான், மனிதருக்கு இல்லை என்று முரசறையச் சொன்னார். நாச்சியையும் குழந்தையையும் அழைத்துவர அரண்மனைப் பல்லக்கை அனுப்பினார். கல்லைத் திரும்பச் சுமந்து வரும் வேலை மழவராயருக்கு என்று சொல்லி மறுபடியும் சிரித்தார்.

முரசறைபவன் வாய்க்கால் கரைக்கு வந்தபோது கிழவி அங்கே இல்லை. கல்லைப் பெயர்த்த அன்றே, வெறும் குழியைத் தாண்டி மகன் வீட்டுக்குப் போயிருந்தாள்.