முத்திரைக்கு அலைந்த மகாராஜா

முன்னொரு காலத்தில் தென்கரை நாட்டை வல்லபசேனன் என்று ஒரு ராஜா ஆண்டான். பல் தேய்க்க மறந்தாலும் மறப்பான், நீதிமன்றங்களுக்குப் புது விதி போட மறக்கமாட்டான்.

முத்திரை இல்லாத மனுவை நீதிமன்றம் வாங்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தவர் மந்திரி அறவாழி. தன் மூளையை நினைத்து அன்று அவருக்கே புல்லரித்தது. அவரைக் கண்டாலே வயிறெரியும் சபைப் பிரமுகர் சிங்காரவேளார், நீதிமன்றம் வாங்காத மனுவுக்கு முத்திரைச் சாவடி முத்திரை போடக்கூடாது என்று இன்னொன்று எழுதினார். ராஜா இரண்டிலும் கையெழுத்திட்டு, "எனக்கும் சேர்த்துத்தான்" என்று பெருமையாக ஒரு வரி சேர்த்தான்.

பூவாயியின் எருமை வேலி தாண்டியதென்று பட்டியில் அடைத்துவிட்டார்கள். வீட்டில் பச்சைக் கன்று பாலுக்குக் கதறியது. எருமையை மீட்கும் மனுவோடு நீதிமன்றத்துக்கும் எதிர்ச்சாரி முத்திரைச் சாவடிக்கும் இரண்டு நாள் அலைந்தவள், நேரே அரசவைக்கு வந்துவிட்டாள்.

"மந்திரியாரே வழி சொல்லட்டும், விதியைத் தொடாமல்," என்றார் சிங்காரவேளார்.

"சாயங்காலத்துக்குள் எருமை வெளியே வரணும். இல்லையென்றால் உம்ம பதவி அவருக்கு," என்றான் ராஜா.

நாட்டிலேயே பெரிய மூளையில் அப்போது ஓடியதெல்லாம் மத்தியானச் சாப்பாடு. "நீ என்னம்மா சொல்றே?" என்று பூவாயியிடமே கேட்டார் அறவாழி.

"எழுதினவுக நீங்க, கேக்குறது என்னையவா? நடந்து பாத்தாத் தெரியும் சாமி."

அறவாழி நிமிர்ந்தார். "எருமையை மகாராஜாவுக்குக் காணிக்கை கொடுத்துடு."

"திரும்பி வருமா?"

"வராவிட்டால் என் வீட்டுப் பசு உனக்கு."

"சரி, கொடுத்தேன்."

"மகாராஜா, பட்டியில் நிற்பது இப்போது உங்கள் எருமை. மனுவோடு கிளம்புங்கள்."

ராஜா கிளம்பினான்; சபையே பின்னால் போனது. "முத்திரை இல்லையே, பிரபு," என்று நடுங்கினான் நீதிமன்ற எழுத்தன். "அங்கே வாங்கலையே, பிரபு," என்று நெளிந்தான் சாவடிக்காரன். நாலாவது தடவை தெருவைக் கடக்கும்போது ராஜா கிரீடத்தைக் கழற்றிச் சிங்காரவேளார் கையில் திணித்தான். ஐந்தாவது தடவை இரண்டு விதிகளையும் கிழித்தான்.

"எந்த மடையன் இதை எழுதினது?"

"ஒரு மடையன் நான்தான், மகாராஜா. இன்னொருவர் உங்கள் கிரீடத்தோடு நிற்கிறார்."

"கையெழுத்துப் போட்டவுக?" என்றாள் பூவாயி.

ராஜா அவளை முறைத்தான். பிறகு வலித்த காலைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டான். எருமையோடு ஒரு வண்டி வைக்கோலும் அவளுக்குக் கொடுத்தான். "இனி விதி எழுதுகிறவன் முதலில் அதை நடந்து காட்டணும்," என்று உத்தரவிட்டான்.

அறவாழியின் பெட்டியில் இன்னும் நாற்பது விதிகள் தயாராக இருந்தன. தம் முழங்காலைத் தடவிப் பார்த்துவிட்டு, அன்று மாலைக்குள் முப்பத்தெட்டை அவரே அடித்துவிட்டார்.