ஜன்னல் கம்பியில் கட்டிய விளக்கு

"கடவுள் ஏன் அவளைக் கொன்னார், சிஸ்டர்?"

சூசைமிக்கேல் அன்றைக்கும் அதையே கேட்டார்.

போன டிசம்பரில், கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு நாளில், அவர் மனைவி வியாகுலமேரி முன்ஜன்னலில் அலங்கார விளக்குக் கட்டும்போது ஷாக் அடித்து இறந்துபோனாள். அதற்குப் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. விடிந்ததும் மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்துவிடுவார். சிஸ்டர் தெரசிட்டாவின் முன்னால் உட்காருவார். சிஸ்டர் வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவர்.

அவர் கேட்பார். சிஸ்டர் பேசாமல் இருப்பார். சாயங்காலம் அவர் வீட்டுக்குத் திரும்புவார்.

ஒரு வருடமாக இப்படித்தான்.

"அவர் பிறந்த நாளுக்குத்தானே விளக்குக் கட்டினா? அவளையா எடுக்கணும்?"

அன்றைக்கு சிஸ்டர் வாய் திறந்தார்.

"எப்படிக் கட்டினாங்க?"

சூசைமிக்கேல் நிமிர்ந்து பார்த்தார். இதை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"பரண்ல கிடந்த பழைய சீரியல் செட்டை எடுத்தா. எரியுதான்னு பாக்க பிளக்கைச் செருகி வச்சுக்கிட்டே, ஸ்டூல் போட்டு ஏறி, ஜன்னல் கம்பியோட சேர்த்துக் கட்டுக்கம்பி வச்சு இறுக்கினா."

"வயர் நல்லா இருந்ததா?"

"அங்கங்க தோல் உரிஞ்சிருந்தது."

"காலில் செருப்பு?"

"இல்ல. அப்பத்தான் வாசலைக் கழுவி விட்டிருந்தா. எல்லாம் ஈரம்."

"கரண்டு கசிஞ்சா தானா விழுமே, டிரிப் சுவிட்ச். அது விழல்லையா?"

சூசைமிக்கேல் வெளியே பார்த்தார். முற்றத்தில் யாரோ சருகு கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மழை பெய்தாலே விழும் சிஸ்டர். ஃபேன் நிக்கும், டிவி நிக்கும். ஒரே தொல்லை. ஆளைக் கூப்பிட்டு அதைக் கழட்டிட்டு நேராக் கனெக்‌ஷன் கொடுக்கச் சொல்லிட்டேன்."

"இப்ப?"

"அப்படியேதான் இருக்கு."

"அந்த விளக்கு?"

"அதுவும் ஜன்னல்லதான். அம்மா கடைசியாக் கட்டினது, யாரும் தொடக்கூடாதுன்னு பெனிட்டா சொல்லிட்டா."

பெனிட்டா அவருடைய ஒரே மகள். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாள்.

"பெனிட்டா இப்ப எங்க?"

"வீட்லதான். கிறிஸ்துமஸ் குடில் வைக்கிறா. அம்மா நினைவா இன்னைக்கு அந்த விளக்கையே..."

அவர் முடிக்கவில்லை.

சிஸ்டர் எழுந்துவிட்டார்.

"போன் போடுங்க."

மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். எடுக்கவில்லை.

ஆட்டோவில் அவர் திரும்பத் திரும்பப் போன் போட்டார். பெனிட்டா எடுக்கவில்லை.

"ஜெபம் பண்ணுங்க சிஸ்டர்."

"மெயின் சுவிட்ச் எங்க இருக்கு?"

"வாசக்கதவுக்குப் பின்னால. ஜெபம் பண்ணுங்க, சிஸ்டர்."

"டிரைவரை வேகமாப் போகச் சொல்லுங்க."

அவர்கள் போய் இறங்கியபோது, பெனிட்டா குளித்த தலையோடு முன்ஜன்னலருகே ஸ்டூலில் நின்றுகொண்டிருந்தாள். கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் பிளக். அதைச் செருகப் போனாள்.

"மக்ளே!" என்று கத்தினார் சூசைமிக்கேல்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் சிஸ்டர் வாசலுக்குள் பாய்ந்து மெயினை இறக்கியிருந்தார். உள்ளே ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது.

பெனிட்டாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிஸ்டர் அவள் கையிலிருந்து பிளக்கை வாங்கி, அவளைக் கீழே இறக்கினார். பிறகு ஸ்டூலில் ஏறி, கட்டுக்கம்பியை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். ஒரு முடிச்சுக்கு அடியில் வயர் நசுங்கி, செம்பு வெளியே தெரிந்தது. அந்த இடத்தில் ஜன்னல் கம்பி கறுத்திருந்தது.

பெனிட்டா அதைப் பார்த்தாள். கொஞ்சம் முன்னால் கம்பியைப் பிடித்திருந்த தன் கையையும் பார்த்தாள்.

"ஆனா டிரிப் சுவிட்ச் இருக்குல்ல, சிஸ்டர்? எதுவும் ஆனா அது விழுந்திடும், பயப்படாதேன்னு அம்மா சொல்லுவா. அன்னைக்கு மட்டும் ஏன் விழல்ல?"

சிஸ்டர் சூசைமிக்கேலைப் பார்த்தார்.

"அது இல்ல மக்ளே," என்றார் சூசைமிக்கேல். "நான் கழட்டிட்டேன்."

"எப்போ?"

"போன வருஷம். ஐப்பசி மழையில."

பெனிட்டா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். தெருவில் எதிர்வீட்டு நட்சத்திரம் எரிய ஆரம்பித்திருந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமாப்பா?"

ஒரு வருடமாகத் தன் எதிரில் உட்கார்ந்திருந்த முகத்தை நோக்கிச் சூசைமிக்கேல் திரும்பினார்.

"சிஸ்டர்... நீங்களாவது ஏதாவது சொல்லுங்க."

"அவ கேட்டது உங்களை."