மங்கல் நிறத்தில் தும்பி

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கேளுங்கள். கடல் இன்று நிற்கும் இடத்தைவிட ஒரு காதம் தள்ளி நின்ற காலம் அது.

அந்தக் காலத்தில் முத்துத்துறை என்ற துறைமுகத்தில் கொற்றன் என்று ஒரு வணிகன் இருந்தான். அவனுக்குத் தாயில்லாத ஒரே மகள். பெயர் தும்பி, வயது ஐந்து. ஓரிடத்தில் நிற்கமாட்டாள். அவளை வளர்த்தவள் கொற்றனின் தங்கை எயினி.

கொற்றன் வாணிபத்துக்காகக் கடல் கடந்து போகவிருந்தான். திரும்பி வர ஓராண்டு ஆகும். மகளின் முகத்தைப் பார்க்காமல் எப்படி இருப்பது? அவளைத் துணியில் வரைந்து தரச் சொல்லிப் பேர்பெற்ற ஓவியர் இருவரை அழைத்தான். தானும் வரைவதாக எயினி சொன்னாள்.

முதல் ஓவியர், தும்பி ஒருநாளும் அணியாத முத்துமாலைகளை அவள் கழுத்தில் அடுக்கினார். இரண்டாமவர் கண்களைக் காதுவரை நீட்டி, மேனிக்குப் பொன்னைப் பூசினார்.

எயினியோ காவிமண்ணையும் விளக்குக் கரியையும் இலைச்சாற்றையும் கஞ்சித் தண்ணீரில் கரைத்தாள். வண்ணங்கள் அடங்கிப்போயின. பொழுது விடிவதுபோல் மெல்ல மெல்லத் தும்பி துணியில் எழுந்தாள். மாநிறக் கன்னம், புருவத்தில் ஒரு வடு, விடைத்து நிற்கும் இடக்காது, எதையோ கண்டு ஓடப்போகிற கண்கள்.

முதல் படத்தைப் பார்த்துக் கொற்றன் மகிழ்ந்தான். இரண்டாவதைப் பார்த்து வியந்தான். மூன்றாவதைப் பார்த்து முகம் சுளித்தான்.

"என்னம்மா இது, வெயிலில் வெளுத்த துணி மாதிரி மங்கலாக இருக்கிறதே?"

"அவள் நிறமே அவ்வளவுதான் அண்ணா. கூட்டினால் அது வேறு பிள்ளை."

கொற்றன் கேட்கவில்லை. மின்னிய இரண்டையும் பெட்டியில் வைத்துக்கொண்டான்.

பயண நாள் வந்தது. துறைமுகம் எங்கும் கூட்டம், கூச்சல், கொடிகள். எப்படியாவது அண்ணன் கையில் கொடுத்துவிடலாம் என்று எயினி தன் படத்தைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். மூட்டைகளை ஏற்றும் பரபரப்பில் திரும்பிப் பார்த்தால் தும்பியைக் காணோம்.

கொற்றனுக்கு உயிரே போய்விட்டது. காற்று திரும்பிக்கொண்டிருந்தது. நங்கூரம் தூக்கும் கப்பல் எதிலாவது பிள்ளை ஏறியிருந்தால் பிறகு எந்த நாட்டில் போய்த் தேடுவது?

முதல் படத்தை எடுத்துக்கொண்டு ஓடினான். இப்படி ஒரு இளவரசி இந்தப் பக்கம் வரவில்லை என்றார்கள். இரண்டாவதைக் காட்டினான். இது எந்தக் கோயில் அம்மன் என்று கேட்டுக் கும்பிட்டார்கள். ஒருவர் நகை போட்ட வேறொரு சிறுமியையே கைப்பிடித்து அழைத்து வந்துவிட்டார்.

அப்போது எயினி தன் படத்தை விரித்து உயர்த்திப் பிடித்தாள்.

உப்பு விற்றுக்கொண்டிருந்த ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "இந்தப் பிள்ளையா? இந்தக் காதை இப்போதுதானே பார்த்தேன். மயில் கூண்டுகளைக் கப்பலில் ஏற்றினார்களே, அதன் பின்னாலேயே போனாள்."

மயில் ஏற்றிய கப்பல் கரையை விட்டு நகர்ந்திருந்தது. அண்ணனும் தங்கையும் ஒரு படகில் பாய்ந்து ஏறினார்கள். படகோட்டி மூச்சுப் பிடித்துத் துடுப்புப் போட்டான். அலை தூக்கியது, இறக்கியது. கப்பலின் பாய் பாதி விரிந்துவிட்டது.

கப்பல் தலைவன் வேற்று நாட்டான். கொற்றன் கத்தியதில் ஒரு சொல்கூட அவனுக்குப் புரியவில்லை. எயினி படகில் எழுந்து நின்று படத்தைக் காட்டினாள். குனிந்து பார்த்தவன் சட்டென்று திரும்பி ஆட்களிடம் எதையோ சொல்லி, தன் புருவத்தையும் காதையும் தொட்டுக் காட்டினான். ஆட்கள் நாலாபுறமும் ஓடினார்கள்.

ஒருவன் கூண்டுகளுக்குப் பின்னாலிருந்து தும்பியைத் தூக்கி வந்தான். அவள் தலையெல்லாம் வைக்கோல், கையில் ஒரு மயிலிறகு.

கொற்றன் அவளை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். வாய்விட்டு அழுதான்.

கரைக்கு வந்ததும் தும்பி மூன்று படங்களையும் பார்த்தாள். எயினி வரைந்ததைத் தொட்டு, "இது நான்" என்றாள். மற்ற இரண்டையும் காட்டிக் கேட்டாள்:

"இவங்க எல்லாம் யாருப்பா?"

கொற்றன் அந்த இரண்டையும் சுருட்டி ஓரமாக வைத்தான். பெட்டியைத் திறந்து, எயினி வரைந்த படத்தை மட்டும் உள்ளே வைத்தான்.

நாம் நேசிப்பவரை இருக்கிறபடியே பார்க்க வேண்டும், மெருகேற்றிப் பார்த்தால் அவரையே தொலைத்துவிடுவோம்.