ஆயிரமா, எழுநூறா?

ஆற்றுக்குக் கிழக்கே ஒரு காடு, மேற்கே ஒரு காடு. மேற்கே மழைக்காலத்தில் வெள்ளம் ஏறிவிடும். அதனால் அங்கே வாழ்ந்த பத்து விலங்குகள், ஆளுக்கு நூறு பலாக்கொட்டை போட்டு, கிழக்குக் காட்டு இலுப்பை மரப் பொந்து ஒன்றில் பொதுவாகச் சேர்த்து வைத்தன. பொந்தைப் பார்த்துக்கொண்டவள் செம்பி என்ற மலையணில்.

செம்பிக்கு ஒரே ஒரு தலைவலி. கொட்டையை வெளியே எடுத்தால் கிழக்குக் காட்டு ராஜா யானை பத்துக்கு ஒன்று வரி கேட்பார். ஆற்றைக் கடந்தால் மேற்குக் காட்டு ராஜா கரடியும் பத்துக்கு ஒன்று கேட்பார்.

"ஒரே கொட்டைக்கு இரண்டு வரியா!" என்று செம்பி நான்கு வருஷம் இரண்டு ராஜாக்களிடமும் நடையாய் நடந்தாள்.

கடைசியில் ராஜாக்கள் மனம் இறங்கினார்கள்.

"கிழக்கே வரி கட்டினால் மேற்கே கட்ட வேண்டாம்! ஆனால் பொந்தில் இன்றைக்கு என்ன இருக்கிறதோ அதைத்தான் கணக்கில் எழுத வேண்டும். போட்ட அன்றைக்கு இருந்ததை எழுதக் கூடாது. பொய்க் கணக்கு என்றால் இரண்டு வரியும் உண்டு!"

செம்பி துள்ளிக்கொண்டு பொந்துக்குள் போனாள். ஒரு கொட்டையைத் தூக்கினாள். லேசாக இருந்தது. அடுத்ததில் ஓட்டை! வண்டு புகுந்திருந்தது. எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தாள். முந்நூறு சொத்தை, நல்லது எழுநூறுதான்.

செம்பிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. 'கெட்டிக்காரி என்றார்களே, இனி என்ன சொல்வார்கள்?'

அப்போது கட்டையன் குரங்கு எட்டிப் பார்த்தான். அவனும் பத்துப் பேரில் ஒருவன்.

"இதற்கா அழுகிறாய்? ஆயிரம் என்றே எழுது! யார் வந்து எண்ணப் போகிறார்கள்? உன் பெயரும் கெடாது."

"அப்படியா சொல்கிறாய்?"

"ஆமாம்! எழுதியதும் என் நூறை இப்போதே கொடுத்துவிடு. நல்லதாகப் பொறுக்கிக் கொடு!"

தேக்கிலையில் எழுதப் போன செம்பியின் நகம் அப்படியே நின்றது. முதலில் வருகிறவன் நூறு நல்ல கொட்டையோடு போவான். அடுத்து வருகிறவர்களும் அப்படியே. ஏழு பேரோடு நல்லது தீர்ந்துவிடும். கடைசியில் வருவது யார்? இரண்டு குட்டிகளை இழுத்துக்கொண்டு மெதுவாக நடந்து வரும் முள்ளம்பன்றி ஊசியம்மாதான்!

"அவளுக்கு வெறும் ஓட்டையா கொடுப்பேன்? முடியாது!" என்றாள் செம்பி.

அன்றே பத்துப் பேரையும் கூப்பிட்டாள். தேக்கிலையில் எழுநூறு என்று எழுதிக் காட்டினாள்.

"எழுநூறுதான் இருக்கிறது. வண்டு தின்றதை நான் கவனிக்கவில்லை. தப்பு என்னுடையது."

ஒரே கூச்சல்! "நூறு எங்கே?" "எங்கள் கொட்டை எங்கே?"

ஊசியம்மா முட்களைச் சிலிர்த்தாள். எல்லோரும் அடங்கினார்கள்.

"வண்டு தின்றதை அவளா தின்றாள்? ஒளிக்காமல் சொன்னாளே! உள்ளதை எல்லோருக்கும் சமமாகப் பிரியுங்கள்."

மறுநாள் யானை ராஜா அனுப்பிய மரங்கொத்தி வந்து, ஒவ்வொரு கொட்டையையும் தட்டிப் பார்த்தது. "கணக்கு சரி! வரி எழுபது. மேற்கே ஒன்றும் இல்லை!"

கட்டையன் சொன்னதைக் கேட்டிருந்தால் ஆயிரத்துக்கு இரண்டு வரியாக இருநூறு போயிருக்கும். இப்போது ஆளுக்கு அறுபத்து மூன்று நல்ல கொட்டை கிடைத்தது. ஊசியம்மாவின் குட்டிகள் அங்கேயே இரண்டைக் கொறிக்கத் தொடங்கின.

இனி வண்டு வராமல் பொந்தில் வேப்பிலை போடுவது என்று முடிவாயிற்று. மரம் ஏறி இலை பறிக்கும் வேலை யாருக்கு? எல்லோரும் கட்டையனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தலையைச் சொறிந்துகொண்டே ஏறினான்.

பலருடைய பொருளைக் காப்பவர், குறைந்தாலும் இருப்பதை இருக்கிறபடி சொன்னால்தான் அது கடைசி ஆள்வரை போய்ச் சேரும்.